ஏணிக்குப் பதிலாக ஏட்டு

ஜூலை 3, வியாழன்

இன்று முதல் நாட்குறிப்பு எழுதுகிறேன். ஸ்டேஷன் ரைட்டர் சென்னியப்பன் அண்ணன் சொன்ன யோசனை. "சஸ்பெண்டுல இருக்கறவன் தெனமும் என்ன பண்ணுனான்னு எழுதி வெச்சுக்கோணும் நாச்சிமுத்து. நாளைக்கு விசாரணைல காட்டுனா ஆள் யோக்கியன்னு தெரியும்" என்றார். அவர் இருபது வருடமாக மற்றவர்களின் வாக்குமூலத்தை எழுதுபவர். சரியாகத்தான் இருக்கும்.

விவரம்: நான் தலைமைக் காவலர், ஊர் வழக்கில் ஏட்டு. சேவல் சண்டை வழக்கில் நாங்கள் பிடித்து வந்த ஏழு சேவல்களை ஏலம் விடும்படி நீதிமன்றம் உத்தரவிட்டது. ஏலத்துக்கு முந்தின இரவு காவல் என் முறை. காலையில் எண்ணினால் ஆறு. செம்பழுப்பு நிறச் செவலைச் சேவல் ஒன்றைக் காணவில்லை. அதற்காக நேற்று என்னைப் பணியிடை நீக்கம் செய்துவிட்டார்கள்.

என் வீட்டில் கோழி இனத்தைச் சேர்ந்த எதுவும் இல்லை. மொட்டை மாடியிலும் இல்லை. தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னாலும் இல்லை.

மற்றபடி, மகள் தன்ஷிகாவின் மழலையர் பள்ளியில் பிள்ளைகளுக்குப் பொன்னுக்கு வீங்கி பரவியதால் பள்ளியை மூடிவிட்டார்கள். ஜாஸ்மின் மிஸ் தினமும் வாட்ஸ்அப்பில் ஓர் எழுத்தும் அதற்கொரு கைவேலையும் அனுப்புவாராம். வீட்டில் செய்து, போட்டோ எடுத்து, வகுப்புக் குரூப்பில் போட வேண்டும். மனைவி வளர்மதி பனியன் கம்பெனியில் செக்கிங் சூப்பர்வைசர். காலையில் போனால் இருட்டித்தான் வருவாள். "நீங்கதான் சும்மா இருக்கறீங்கல்லங்க" என்றாள்.

ஒப்புக்கொண்டேன். கலவரத்தையே கட்டுப்படுத்தியவன். நாலு வயதுப் பிள்ளையும் ஒரு டப்பா பசையும் என்ன செய்துவிட முடியும்?

ஜூலை 4, வெள்ளி

எழுத்து: அ. அட்டையில் அ வரைந்து அதன்மேல் பஞ்சு ஒட்ட வேண்டும்.

பஞ்சு அட்டையில் ஒட்டவில்லை. என் கையில் ஒட்டியது. கையிலிருந்து எடுக்கப் போய் முழங்கையில் ஒட்டியது. முழங்கையைத் துடைக்கப் போய் வளர்மதியின் புதுத் தலையணை உறையில் ஒட்டியது. கடைசியில் அ-வைத் தவிர எல்லாவற்றின் மேலும் பஞ்சு இருந்தது. தன்ஷிகா என்னை ஒரு முயலைப் பார்ப்பதுபோல் பார்த்தாள்.

"அப்பா, நீங்க எப்பப் போவீங்க?"

"எங்க சாமி?"

"டூட்டிக்கு."

"லீவு சாமி."

"எவ்ளோ லீவு?"

"நெறைய."

அவள் நம்பவில்லை. வாசலுக்குப் போய் என் பூட்ஸ் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வந்தாள்.

ஜூலை 5, சனி

எழுத்து: ஆ. வளர்மதி கம்பெனியிலிருந்து கொண்டுவந்த பொத்தான்களை ஒட்டினோம். ஒரு பொத்தான் குறைகிறது. தன்ஷிகாவின் மூக்கில் இல்லை. டார்ச் அடித்துப் பார்த்துவிட்டேன்.

ஜூலை 6, ஞாயிறு

பொத்தான் கிடைத்தது. எங்கே என்று எழுத விருப்பமில்லை. கழுவிவிட்டேன்.

ஜூலை 7, திங்கள்

எழுத்து: இ. இலை ஒட்டுவது. சுலபம்.

எதிர்வீட்டு துரைசாமி அண்ணன் வந்திருந்தார். விடியற்காலையில் எங்கள் வீட்டுப் பக்கம் சேவல் கூவுகிறதே, வாங்கியிருக்கிறாயா என்று கேட்டார். அது என் செல்போன் அலாரம் என்றேன்.

"அட, அச்சு அசலா இருக்குதே தம்பி! எனக்கும் அதை அனுப்பி உடு. நானும் நேரத்துல எந்திரிக்கோணும்" என்றார்.

அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறேன். நாளை விடியற்காலையில் போனை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போக வேண்டும். மாடியில் இணையம் நன்றாகக் கிடைக்கும் என்பதால்.

ஜூலை 8, செவ்வாய்

எழுத்து: ஈ. ஒரு நிஜ ஈ வந்து ஈ மேல் உட்கார்ந்தது. தன்ஷிகா சிரித்தாள். இவ்வளவு சத்தமாகச் சிரிப்பாள் என்று எனக்குத் தெரியாது.

ஜூலை 9, புதன்

எழுத்து: உ. உளுந்தைப் பசை தடவி ஒட்டி வெயிலில் காயவைக்கச் சொல்லியிருந்தார்கள். மாடியில் வைத்தோம். கால் மணி நேரம் கழித்துப் போய்ப் பார்த்தால் பாதி உ-வைக் காணோம். வளைவு மட்டும் இருந்தது. கீழே நீளும் கோடு முழுவதும் போய்விட்டது.

காற்று என்று நினைக்கிறேன்.

நேரமாகிவிட்டதால் இருந்ததைப் போட்டோ எடுத்து அனுப்பினேன். ஜாஸ்மின் மிஸ் குரல் செய்தி அனுப்பினார்: "தன்ஷிகா அப்பா, உ-வுக்குக் கீழ்க்கோடு எங்கே? குழந்தைக்குத் தப்பாப் பதிஞ்சிடும். இன்னொரு தடவை செஞ்சு அனுப்புங்க." அவருடைய குரல் எங்கள் டி.எஸ்.பி. ஐயாவின் குரலைவிடக் கண்டிப்பானது.

இரண்டாவது உ-வைக் கூழாங்கல்லில் செய்தோம். அதை யாராலும் தின்ன முடியாது. முயன்ற தடயம் இருக்கிறது.

ஜூலை 10, வியாழன்

காலையில் ஊ எழுத்தைக் களிமண்ணில் செய்துவிட்டு, டி.எஸ்.பி. அலுவலகத்துக்கு விசாரணைக்குப் போனேன். நினைவில் உள்ளபடி:

அன்றிரவு காவலில் இருந்தது நீங்கள்தானே?

ஆமாம் ஐயா.

கூடை எப்படித் திறந்தது?

தெரியாது ஐயா.

சேவல் எப்படி வெளியே போயிருக்கும்?

நடந்து போயிருக்கலாம் ஐயா.

உங்கள் காதில் என்ன?

களிமண் ஐயா. ஊ செய்தோம்.

டி.எஸ்.பி. ஐயா பேனாவை மூடினார். பிறகு திறந்தார். "ஊ-வுல நடுவுல ஒரு சின்ன ள வருமே, அதை எங்கய்யா வெச்சே?" என்று கேட்டார். உ-வின் மடியில் ஏற்றி உட்கார வைக்க வேண்டும், தள்ளி வைத்தால் 'உள' என்று படித்துவிடுவார்கள் என்று விளக்கினேன். தட்டச்சர் அதையும் வாக்குமூலத்தில் சேர்த்துவிட்டார். படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டேன்.

ஜூலை 11, வெள்ளி

எழுத்து: எ. காலையில் வளர்மதி கிளம்பும்போது கேட்டாள்: "ஏனுங்க, வேலை போயிருச்சுன்னா அதுவா வந்து நமக்குச் சோறு போடும்?"

எது என்று நான் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை. பிறகு பழைய சோற்றைப் பிசைந்து கிண்ணத்தில் போட்டு என் கையில் கொடுத்தாள். "மேல கொண்டு போங்க" என்றாள்.

ஜூலை 12, சனி

எழுத்து: ஏ. ஏ என்றால் ஏணி. ஐஸ் குச்சிகளை ஒட்டி ஏணி செய்ய வேண்டும். குச்சிக்காகவே ஐஸ் தின்றோம்.

ஆனால் தன்ஷிகா ஏணிக்கு ஒத்துக்கொள்ளவில்லை. "ஏ-ன்னா ஏட்டு" என்றாள். என்னைத்தான் சொல்கிறாள். பெரிய அட்டையில் ஏ வரையச் சொன்னாள். வரைந்தேன். நான் மாடிக்குத் துணி எடுக்கப் போய்த் திரும்புவதற்குள், அந்த எழுத்து முழுக்கச் செம்பழுப்பு இறகுகளை ஒட்டி, என் போனிலேயே படம் எடுத்து, குரூப்பில் போட்டும் விட்டாள். "ஏ ஏட்டு" என்று குரல் செய்தியும் பேசியிருக்கிறாள். இந்தத் திறமையெல்லாம் எப்போது வந்தது என்று தெரியவில்லை.

இறகுகள் காற்றில் வந்தவை.

பெற்றோர்கள் எல்லோரும் இதயம் போட்டிருக்கிறார்கள். ஜாஸ்மின் மிஸ், "அப்பாவையே எழுத்தா பண்ணிட்டியா செல்லம்!" என்று எழுதியிருக்கிறார். கடைசியாக ஒரு கட்டைவிரல். போட்டது 'நிதர்ஷன் அம்மா'.

நிதர்ஷன் அம்மா என்பவர் எங்கள் ஸ்டேஷன் இன்ஸ்பெக்டர் தமயந்தி மேடம். என்மேல் அறிக்கை கொடுத்தவர்.

ஜூலை 13, ஞாயிறு

இந்த நாட்குறிப்பை இனி விசாரணையில் காட்ட முடியாது. ஆகவே நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

முற்பகலில் வாசலில் ஸ்கூட்டர் நின்றது. இன்ஸ்பெக்டர் மேடம். சுடிதாரில் இருந்தார். பின்னால் மகன் நிதர்ஷன். நான் லுங்கியில் இருந்தேன். சல்யூட் அடிக்கக் கை உயர்ந்தது. கையில் கத்தரிக்கோல் இருந்தது.

"இறக்குங்க ஏட்டையா, நான் டூட்டில இல்ல" என்றார். உட்கார்ந்தார். ஈ எழுத்து அட்டையின் மேல். எழுந்து, அதை எடுத்துப் பார்த்து, ஓரமாக வைத்துவிட்டு மறுபடி உட்கார்ந்தார்.

"இவனுக்கு நானும் ஒரு வாரமா உக்காந்து சொல்லித் தர்றேன். ஒரு எழுத்து ஒட்ட மாட்டேங்கறான். ரவுடிங்கெல்லாம் என்னைப் பார்த்தா எழுந்து நிக்கறாங்க, இவன் படுத்துக்கறான். நேத்து உங்க பொண்ணு போட்ட ஏ-வைப் பார்த்ததுல இருந்து அந்த இறகு வேணும்னு ஒரே அழுகை. கடை கடையா ஏறி இறங்கிட்டேன். எல்லாம் சாயம் போட்டதா இருக்கு. இது நிஜ இறகு மாதிரியே இருக்கே, எங்க வாங்குனீங்க?"

பிடிபட்ட திருடர்கள் இத்தனை வருடத்தில் என்னிடம் எத்தனையோ சொல்லியிருக்கிறார்கள். அதில் ஒன்றுகூட அந்த நேரத்தில் ஞாபகம் வரவில்லை.

"கோயமுத்தூர்லீங்க மேடம்" என்றேன்.

மாடியில் கூவியது.

"என்ன அது?"

"போன் அலாரமுங்க."

மறுபடியும் கூவியது. என் போன் மேடத்தின் காலடியில் அணைந்து கிடந்தது. மேடம் போனைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். அந்தச் சமயத்தில் எதிர்வீட்டில் துரைசாமி அண்ணனின் போனும் கூவியது. நான் அனுப்பிய பதிவு. மதியத் தூக்கத்துக்கு முன்னால் சோதித்துப் பார்க்கிறார் போலிருக்கிறது. மாடியில் இருந்தது அதற்குப் பதில் கூவியது. அவருடையது மீண்டும் கூவியது.

"ஏட்டு கூப்பிடுது" என்றாள் தன்ஷிகா.

"ஏட்டு இங்கதானம்மா இருக்காரு?" என்று மேடம் என்னைக் காட்டினார்.

"இது அப்பா. ஏட்டு மேல இருக்குது. வாங்க, காட்டறேன்."

நிதர்ஷனின் கையைப் பிடித்து மாடிக்கு இழுத்துப் போய்விட்டாள். நாங்களும் போனோம். தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால், சண்டையில் இரண்டு சேவலைக் கிழித்ததாக எங்கள் கோப்பில் எழுதப்பட்டிருக்கும் மேற்படி சேவல், தன்ஷிகாவின் பழைய கவுன்மேல் உட்கார்ந்திருந்தது. காலில் நான் போட்ட கட்டு. நிதர்ஷன் அதன் அருகில் குந்தினான். கீழே சிந்திக் கிடந்த கம்புத் தானியத்தை விரலால் கூட்டி மெதுவாக ஏ எழுதினான். சேவல் ஏ-வை முதலிலிருந்து கொத்திக்கொண்டே வந்தது. அவன் சிரித்துக்கொண்டே இன்னொன்று எழுதினான். பிறகு கேட்காமலேயே ஆ.

மேடம் கைக்குட்டையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். விழுந்து கிடந்த இறகுகளைத் தானே பொறுக்கிக் கைப்பையில் போட்டார்.

"நான் இன்னைக்கு வந்தது இறகுக்கு. கெடச்சிருச்சு" என்றார். "நாளைக்குக் காலைல யூனிபார்ம் போட்டதும் எனக்கு எல்லாம் ஞாபகம் வந்துரும் ஏட்டையா. அதுக்குள்ள நீங்களா வந்தா வேற. நானா வந்தா வேற."

இனி மறைக்க ஒன்றுமில்லை. ஏலத்துக்கு முந்தின நாள் இரவு வளர்மதி எனக்குச் சாப்பாடு கொண்டுவந்தாள். கூடவே தன்ஷிகா. கூடைக்குள் இருந்த செவலைக்குச் சோற்றுப் பருக்கை போட்டுக்கொண்டே பெயர் என்ன என்று கேட்டாள். சென்னியப்பன் அண்ணன் சிரித்துக்கொண்டு, "அதுவும் ஏட்டுதான் கண்ணு. உங்கப்பனாட்டவே ராப்பகலா இங்கயேதான் கெடக்குது" என்றார். ஏலத்துக்கு வரப்போவது பிரியாணிக்கடைத் தங்கராசு என்பது எல்லோருக்கும் தெரியும். கிளம்பும்போது தன்ஷிகா, "டாட்டா ஏட்டு" என்றாள்.

சேவலிடம்தான் சொன்னாள். என்னிடம் சொல்லவில்லை. அதற்கும் அன்றிரவு நான் கூடையைத் திறந்ததற்கும் சம்பந்தம் இல்லை.

ஜூலை 14, திங்கள்

தன்ஷிகாவிடம் எப்படிச் சொல்வது என்று விடியும்வரை யோசித்தேன். அழுவாள், தரையில் புரளுவாள், ஒட்டிய எழுத்தையெல்லாம் கிழிப்பாள் என்று வளர்மதியை லீவு போடச் சொல்லியிருந்தேன்.

"ஏட்டுக்கு டூட்டி வந்திருச்சு சாமி. ஸ்டேஷனுக்குப் போகோணும்."

"சரி" என்றாள்.

"அழுகலையா?"

"ஏட்டுன்னா ஸ்டேஷன்லதான இருக்கோணும்?"

சாதாரணமாகத்தான் சொன்னாள். பிறகு அதன் கிண்ணத்தைக் கழுவிக் கவிழ்த்து வைத்தாள். என் சாப்பாட்டுக் கேரியரை வளர்மதி கவிழ்த்து வைப்பதுபோல.

சேவலை வயர்கூடையில் தலை மட்டும் வெளியே தெரியும்படி வைத்து, வண்டியில் மாட்டிக்கொண்டு போனேன். வழியில் இரண்டு இடத்தில் நிறுத்த வேண்டியதாயிற்று. கண்ணில் தூசி. கண்ணாடி போட்டுத்தான் இருந்தேன்.

ஸ்டேஷனில் சென்னியப்பன் அண்ணன் என்னையும் கூடையையும் பார்த்து எழுந்தார். உடனே உட்கார்ந்தார். "நாட்குறிப்புல எழுதிப் போட்டியா?" என்று காதோடு கேட்டார்.

"எழுதிட்டனுங்க."

தலையில் அடித்துக்கொண்டார். நான் எடுத்ததை நானே எழுதிக் கையெழுத்திட்டு மேடத்திடம் கொடுத்தேன். மேடம் யூனிபார்மில் இருந்தார். எல்லாம் ஞாபகத்தில் இருந்தது.

ஜூலை 15, செவ்வாய்

ஏழு சேவலையும் சேர்த்து ஏலம் எடுத்து, காணாமல் போனது போக ஆறை வாங்கிப் போனவர் தங்கராசு. எனவே சேவல் அவருக்குச் சேர வேண்டியது. அவரை வரவழைத்தார்களாம். நடந்ததைச் சென்னியப்பன் அண்ணன் போனில் சொன்னார். தங்கராசு சேவலின் தொடையை அழுத்திப் பார்த்துவிட்டுக் கும்பிட்டாராம்.

"மேடம், அந்த ஆறுல பட்டதே போதுமுங்க. இருபது விசில் உட்டும் வேகலை. பிரியாணி தின்னவன் ஒருத்தன் பல்லு ஆடுதுன்னு கடைக்கே வந்து சண்டை. இது சேவலுங்களா, லாரி டயருங்களா? சும்மா குடுத்தாலும் எனக்கு வேண்டாமுங்க."

எழுதியும் கொடுத்துவிட்டார்.

ஜூலை 17, வியாழன்

ஐ, ஒ எதுவும் செய்யவில்லை. தன்ஷிகா ஒட்ட வரவில்லை. ஜாஸ்மின் மிஸ் இரண்டு தடவை கேள்விக்குறி அனுப்பிவிட்டார்.

சேவலால் ஸ்டேஷனில் பெரிய சிக்கல். ஏற்கெனவே ஏலம் போனது, எனவே மறுபடி ஏலம் விட முடியாது. எடுத்தவர் வாங்க மாட்டேன் என்கிறார். அரசுச் சொத்து என்பதால் யாருக்கும் கொடுக்கவும் முடியாது. அது வயர்லெஸ் மைக் பேசும்போதெல்லாம் பதிலுக்குக் கூவுகிறதாம். கண்ட்ரோல் ரூமிலிருந்து, "யாரது? முறையாகப் பேசவும்" என்று இரண்டு முறை எச்சரிக்கை வந்திருக்கிறது. ஜீப்புக் கண்ணாடியில் தன்னையே பார்த்துச் சண்டை போட்டுக் கண்ணாடியை உடைத்துவிட்டதாம். நகை தொலைந்ததென்று புகார் கொடுக்க வந்த அம்மாளைத் துரத்தியதில், அந்த அம்மாள் சேவல் மேலும் ஒரு புகார் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்.

ஜூலை 21, திங்கள்

உத்தரவு வந்தது. ஓராண்டு ஊதிய உயர்வு நிறுத்தம். பணியிடை நீக்கம் ரத்து. அடுத்த திங்கட்கிழமை பணியில் சேர வேண்டும். கூடவே மேடம் கையெழுத்திட்ட ஒரு குறிப்பு: 'மேற்படி சேவல் தொடர்பாக நீதிமன்றத்தின் மறு உத்தரவு வரும்வரை, அதனைப் பராமரித்து முன் அனுபவம் உள்ளவர் என்ற முறையில், தலைமைக் காவலர் நாச்சிமுத்து அதைத் தமது இல்லத்தில் தக்க பாதுகாப்பில் வைத்திருக்க வேண்டியது. தவறினால் துறை நடவடிக்கைக்கு உள்ளாவார்.'

மூன்று தடவை படித்தேன். எதைச் செய்ததற்காகத் தண்டித்தார்களோ, அதையே செய்யாவிட்டால் தண்டிப்பார்களாம்.

வயர்கூடையோடு வீட்டுக்கு வந்தேன். தன்ஷிகா வாசலுக்கு ஓடி வந்தாள். கூடைக்குள் பார்த்தாள்.

"ஏட்டு வீட்டுக்கு வந்துருச்சா? டூட்டி?"

"முடிஞ்சுது சாமி."

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"டூட்டி முடியுமா?"

வளர்மதி உள்ளேயிருந்து கிண்ணத்தை எடுத்துக்கொண்டு வந்தாள்.

ஜூலை 22, செவ்வாய்

விட்டுப்போன ஐ, ஒ, ஓ மூன்றையும் ஒரே நாளில் முடித்தோம். ஔ எழுத்துக்கு வேறு பொருள் எதுவும் கிடைக்கவில்லை. ஔடதம் என்று சொல்லி, காய்ச்சல் மாத்திரை அட்டையை ஒட்டினோம். ஜாஸ்மின் மிஸ் ஒன்றும் சொல்லவில்லை. அவருக்கும் வேறு வழி இருந்திருக்காது.

ஜூலை 28, திங்கள்

பள்ளி திறந்தது. நானும் பணியில் சேர்ந்தேன். பஸ் நிலைய முனையில் போக்குவரத்து.

காலையில் யூனிபார்ம் போட்டு நின்றபோது தன்ஷிகா க எழுத்தின்மேல் கிளிட்டர் என்னும் மினுக்குத் தூளைத் தூவிக்கொண்டிருந்தாள். என்னைக் குனியச் சொன்னாள். குனிந்தேன். விரலில் பசை தொட்டு என் மீசையில் வலப்பக்கம் தடவி, மேலே தூளை அழுத்தினாள்.

"சாயங்காலம் நான் பாப்பேன். இருக்கோணும்."

நாள் முழுக்க வெயிலில் நின்றேன். ஒரு கண்டக்டர் படியில் தொங்கியபடி, "ஏட்டையா, மீசை மின்னுது!" என்று கத்திவிட்டுப் போனார். மதியம் மேடத்தின் ஜீப் வந்து நின்றது.

"என்ன ஏட்டையா அது மீசைல?"

"கிளிட்டருங்க மேடம்."

"தொடைங்க."

"சாயங்காலம் வீட்டுல செக்கிங் இருக்குதுங்க மேடம்."

ஜீப் கிளம்பிப் போய்விட்டது.

என் நேரம் முடியும் சமயத்தில் வயர்லெஸ் மைக்கில் என் பெயரைக் கூப்பிட்டார்கள். கோயில் தேர் பந்தோபஸ்துக்கு ஆள் போதவில்லை, நேராக அங்கே போகவும் என்றார்கள். இத்தனை வருடத்தில் முதல் தடவையாக, "முடியாதுங்க" என்றேன். காரணம் கேட்டார்கள். மகள் மீசையைப் பார்க்க வேண்டும் என்றேன். ஊரிலுள்ள எல்லா ஸ்டேஷனுக்கும் அது கேட்டிருக்கும். அடுத்து மைக்கில் மேடத்தின் குரல்: "அவர் போகட்டும். வேற ஆள் அனுப்பறேன்."

வீட்டுக்கு வந்தபோது வெளிச்சம் இருந்தது. தன்ஷிகா நாற்காலியை இழுத்துப் போட்டு அதன்மேல் ஏறி நின்றாள். என் முகத்தை இரண்டு கையாலும் பிடித்து, வாசல் வெளிச்சத்தின் பக்கமாகத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இருக்குது" என்றாள்.